ஆசிரியையின் சுருதி உங்களுக்குப் பொருந்தாமல் இருக்கலாம்

வணக்கம் ஐயா. 41 வயதில் கர்நாடக இசை கற்கத் தொடங்கி, மூன்று மாதங்களாகச் சரளி வரிசை என்னும் தொடக்கநிலைச் சுரப் பயிற்சியைப் பாடியும், மேல் ஷட்ஜத்தை (மேல் ‘ஸ’) நெருங்கும்போதெல்லாம் தொண்டை இறுகிக் குரல் உடைகிறது என்றும், தமக்குக் குரல்வளமே இல்லையோ என ஐயமாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். போகிற போக்கில் நீங்கள் குறிப்பிட்ட ஒரு செய்திதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: ஆசிரியை 5 கட்டையில் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு) பாட, நீங்களும் அதே சுருதியில் பாடுகிறீர்கள்.

ஆண்களில் பலருக்கு 1 கட்டையோ, அதற்குச் சற்று முன்பின்னோதான் இயல்பாக அமையும். 1 கட்டையில் மேல் பஞ்சமமாக (மேல் ‘ப’) ஒலிக்கும் அதே சுரம்தான் 5 கட்டையில் மேல் ஷட்ஜமாக வருகிறது. அதாவது, தேர்ந்த பாடகர் கச்சேரியின் உச்சத்தில் தொட்டுத் திரும்பும் இடத்தை நீங்கள் முதல் வரிசையிலேயே திரும்பத் திரும்ப எட்ட முயல்கிறீர்கள். குரல் உடையாமல் இருந்தால்தான் வியப்பு.

சுருதிப் பெட்டியை 1 கட்டையில் வைத்து, கீழ்ப் பஞ்சமம் வெறும் காற்றாகிவிடாமல் கேட்கிறதா, மேல் காந்தாரமாவது (மேல் ‘க’) கத்தாமல் வருகிறதா என்று பாருங்கள். கீழே தேய்ந்தால் அரைக் கட்டை ஏற்றலாம், மேலே இறுகினால் இறக்கலாம். பிறகு ஆசிரியையிடம் தயங்காமல் சொல்லி, உங்கள் சுருதியில் வரிசைகளை ஆர்மோனியத்தில் வாசித்துக் காட்டக் கேளுங்கள்.

சில வாரங்களுக்கு முதல் காலம், அதாவது மெதுவான வேகம், மட்டும் போதும். காலையில் கீழ் ஸ்தாயியில் (கீழ்ச் சுரங்களில்) அகாரமாக, அதாவது ‘ஆ’ என்று, ஒவ்வொரு சுரத்தையும் ஒரே மூச்சில் நிறுத்திப் பாடுங்கள்; அடிக்கடி கனைத்துத் தொண்டையைச் சரிசெய்யும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். பாடாத நாட்களிலும் கரகரப்பு மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால், காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்துவிட்டுப் பயிற்சியைத் தொடருங்கள்.