குடும்பச் சுற்றுலாவில் பார்த்த கடல் உயிரினம் எதுவும் உங்கள் கலைக்கு உதவியிருக்கிறதா?

பிள்ளைகளோடு போனால் நின்று பார்க்கவே நேரமிருக்காதே என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதைப் படித்ததும்தான் எழுத உட்கார்ந்தேன். நீங்களும் என்னைப் போலவே தண்ணீர் பாட்டிலும் மாற்றுத்துணியும் சுமக்கிற ஆள் என்று நினைக்கிறேன்.

நான் ஓவியம் படித்தவள் இல்லை. கோலம் போடுவேன், ஆச்சி சொல்லிக்கொடுத்த சிக்குக் கோலம். அதெல்லாம் கலையா என்பவர்கள் 15 புள்ளி வைத்து ஒரே இழையில் இழுத்து முடித்துவிட்டு வந்து பேசட்டும்.

போன ஆடி அமாவாசைக்கு மாமனாருக்குத் திதி கொடுக்க ராமேசுவரம் போனோம். மறுநாள் மகள் அடம்பிடித்ததால் அரியமான் கடற்கரை. மன்னார் வளைகுடாப் பக்கத்தை அங்கே ஆண்கடல் என்பார்கள். அரியமான் இருக்கும் பாக் விரிகுடாப் பக்கம் பெண்கடல், குளம் மாதிரி கிடக்கும். அமாவாசையை ஒட்டி நீர் நன்றாக உள்வாங்கியிருந்தது. ஈரமணலில் ஓடியவள் அப்படியே நின்று, "அம்மா, யாரோ புள்ளி வச்சிட்டுப் போயிருக்காங்க" என்றாள்.

சுண்டுவிரல் நகமளவு நண்டுகள். நடுவில் ஒரு வளை, அதைச் சுற்றிக் கடுகும் மிளகுமாக மணல் உருண்டைகள். அசையாமல் உட்கார்ந்தால்தான் வெளியே வரும். மணலை அள்ளி வாயில் வைத்து, அதில் ஒட்டியிருக்கும் நுண்பாசியைத் தின்றுவிட்டு, மிச்சத்தை உருட்டிப் போடும். வளையிலிருந்து நேராக வெளியே போய்க்கொண்டே போடுவதால் வரிசை வரிசையாகக் கதிர் விரிகிறது. ஒரு தடத்தில் மட்டும் உருண்டையே இல்லை. நிழல் தட்டினால் அந்த வழியாகத்தான் வளைக்குள் ஓடுகிறது!

வயிற்றுப்பாட்டுக்குச் செய்வதைக் கலை என்கிறாளே என்று யாராவது வருவீர்கள். நண்டைக் கலைஞன் என்று நான் சொல்லவில்லை. முப்பது வருடமாக நேர்புள்ளி, ஊடுபுள்ளி என்று கட்டத்துக்குள்ளேயே வைத்துப் பழகிய என் கைக்கு, நடுவிலிருந்து புள்ளி கிளம்பலாம், ஒரு பக்கம் வெறுமையாகவும் விடலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். வீட்டுக்காரர் இரண்டு தடவை வேனிலிருந்து ஹாரன் அடித்தார். நீர் ஏறி வந்து எல்லாவற்றையும் அழித்த பிறகுதான் எழுந்தேன்.

மார்கழியில் அதைப் போட்டேன். இழையை மூடாமல் விடக்கூடாது என்று அத்தைக்கு மனத்தாங்கல். "நண்டு வீட்டுக்குப் போற வழி அத்தை" என்றதும் ஒன்றும் சொல்லவில்லை, மறுநாள் அவரே பக்கத்தில் காவி இட்டார்.

ஆனால் அதை எங்கே போட்டேன் தெரியுமா? மொட்டைமாடியில். எங்கள் குடியிருப்புச் சங்கம் வாசல் டைல்ஸில் மாவு கொட்டக்கூடாது என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டது. எல்லார் வாசலிலும் ஒரே பிளாஸ்டிக் ஸ்டிக்கர் கோலம். எறும்புக்கு ஒரு வாய் அரிசிமாவு போட வழியில்லாத வாசல் என்ன வாசல்? மூன்று தடவை எழுதிக் கொடுத்தேன், பதிலே இல்லை.

நீங்கள் போவதாக இருந்தால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, நீர் வடிந்திருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். நண்டைப் பிடித்துப் பாட்டிலில் போடப் பிள்ளைகளை விடாதீர்கள். நோட்டும் பென்சிலும் போதும், நான் கொண்டுபோகாமல் பேருந்துச் சீட்டின் பின்புறம் வரைந்துகொண்டு வந்தேன்.