மின்பணப்பை முடக்கப்பட்டால் பணத்தைத் திரும்பப் பெற முடியுமா?

கேள்வி: மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் அருகே ஒரு தோட்டத்தில் வசிக்கிறேன். வீட்டு வாசலில் அப்பமும் நாசி லெமாக்கும் விற்கிறேன். பாதிப் பேர் கியூஆர் வழியாக என் மின்பணப்பைக் கணக்குக்குத்தான் காசு அனுப்புவார்கள். இரண்டு மாதங்களுக்கு முன் என் அக்காள் மகன், "சின்னம்மா, என் கணக்கில் கோளாறு, கூட்டாளிகள் அனுப்பும் காசு உங்கள் கணக்குக்கு வரட்டும்" என்று வாட்ஸ்அப்பில் கேட்டான். சம்மதித்து, கடவு எண்ணையும் கொடுத்தேன். இப்போது சூதாட்டச் சட்டங்களுக்கு முரணான பரிவர்த்தனை என்று கூறி, மின்பணப்பை நிறுவனத்தார் 2,840 வெள்ளியுடன் (ரிங்கிட்) கணக்கை முடக்கிவிட்டார்கள். காரணத்தை விளக்க மறுக்கிறார்கள். வழக்குத் தொடுக்கலாமா?

பதில்: அம்மா, நீங்கள் அனுப்பிய பரிவர்த்தனைப் பட்டியலை வரி வரியாகப் படித்தேன். காலை ஆறரை முதல் பத்து மணிக்குள் 4 வெள்ளி, 6 வெள்ளி 50 காசு என்று வந்தவை உங்கள் வியாபார வரவு என்பது பார்த்தவுடனே தெரிகிறது. ஆனால் நள்ளிரவுக்குப் பின் 19 பேரிடமிருந்து 50, 100, 200 என்று முழுத் தொகைகளாக வந்த பணம், சில நிமிடங்களிலேயே வேறொரு கணக்குக்குப் போயிருக்கிறது. சூதாட்டத் தளங்களுக்காகப் பணம் திரட்டும் கணக்குகள் இப்படித்தான் இயங்கும் என்பதால், நிறுவனம் சந்தேகித்ததில் தவறு காண முடியவில்லை.

அவர்கள் வாய் திறக்காததற்கும் காரணம் உண்டு. 2001ஆம் ஆண்டின் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் 14ஆவது பிரிவு, சந்தேகத்துக்குரிய பரிவர்த்தனையை நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாராவிடம் தெரிவிக்கும்படி நிறுவனத்தைக் கட்டாயப்படுத்துகிறது. 14ஏ பிரிவோ, அவ்வாறு தெரிவித்ததை வாடிக்கையாளரிடம் சொல்லக் கூடாது என்று தடுக்கிறது. நிறுவனத்தின் சார்பில் தொலைபேசியில் பேசிய பெண் உங்களை அலட்சியப்படுத்தவில்லை. சொல்லியிருந்தால் அவரே சட்டத்தை மீறியிருப்பார். நல்லெண்ணத்துடன் அறிக்கை அளித்த நிறுவனத்துக்கு அதே சட்டம் பாதுகாப்பும் தருவதால், இப்போதே வழக்குத் தொடுப்பது உங்கள் காசையும் காலத்தையும்தான் கரைக்கும்.

முதலில் அறிய வேண்டியது, முடக்கியவர் யார் என்பதே. நிறுவனம் தன் ஒப்பந்த விதிகளின்படி நிறுத்தி வைத்திருந்தால், எழுத்து மூலம் முறையிட்டு, அவர்களது இறுதி முடிவு கிடைத்த ஆறு மாதத்துக்குள், 2025 ஜனவரியில் தொடங்கப்பட்ட நிதிச் சந்தைகள் குறைதீர்ப்புச் சேவையிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். விசாரணை அதிகாரிகளின் ஆணையால் முடக்கம் என்றால் பாதை வேறு: பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் 44ஆவது பிரிவின் முடக்க ஆணை, 90 நாளுக்குள் குற்றச்சாட்டு இல்லையெனில் காலாவதியாகும், பணம் கைப்பற்றப்பட்டிருந்தால், அரசு தரப்பு 12 மாதத்துக்குள் பறிமுதல் கோரி உயர் நீதிமன்றம் செல்லலாம். அந்த நிலையில் 61ஆவது பிரிவின்கீழ் உங்கள் பணத்தைக் கோர உரிமை உண்டு. ஆனால் முறைகேட்டை அறியாதிருந்ததோடு, அதைத் தடுக்க நியாயமாக இயன்றதையெல்லாம் செய்தீர்கள் என்றும் நீங்களே நிறுவ வேண்டும். கடவு எண்ணைக் கொடுத்தது அங்கேதான் உங்களுக்கு எதிராக நிற்கும். மேலும், தன் கணக்கைப் பிறர் கட்டுப்பாட்டில் விடுவதையே குற்றமாக்கும் பிரிவுகள் 2024இல் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளன.

எனவே நிறுவனத்துக்கோ போலீசுக்கோ எதையும் எழுதித் தருவதற்கு முன், ஈப்போவிலுள்ள வழக்கறிஞர் மன்றச் சட்ட உதவி மையத்திலோ வேறொரு வழக்கறிஞரிடமோ பட்டியலைக் காட்டுங்கள். அரிசி, தேங்காய், நெத்திலி வாங்கிய ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கி, காலை வரவுகளோடு பொருத்தி வையுங்கள். 2,840 வெள்ளியில் உங்கள் உழைப்பின் பங்கு எவ்வளவு என்பதை அதுதான் காட்டும். மீதி சூதாட்டத் தொகையானால், 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 31ஆவது பிரிவின்படி பந்தய ஒப்பந்தமே செல்லாது. அதை உங்களுடையதாகக் கோர வேண்டாம்.

அக்காள் மகன் மேல் உங்களுக்குள்ள பாசம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அவனைக் காப்பாற்ற நினைத்து, இரவு வரவுகளும் அப்பம் விற்ற காசுதான் என்று ஒரு வரிகூட எழுதிவிடாதீர்கள். அது தெரியாமல் சிக்கிய உங்களை உடந்தையாக்கிவிடும். வேறு பெயரில் புதுக் கணக்கும் திறக்க வேண்டாம். தொலைபேசியை மாற்றாமல், அவன் "சின்னம்மா" என்று தொடங்கி அனுப்பிய செய்தியை அழிக்காமல் வைத்திருங்கள். உங்கள் தரப்பில் இப்போதைக்கு இருக்கும் முதல் சாட்சியம் அதுதான்.