வாட்ஸ்அப்பில் வந்த தலாக்

கேள்வி: கோலாலம்பூரில் இருக்கிறேன். மூன்று வாரத்துக்கு முன் என் கணவர் 'உன்னைத் தலாக் விட்டேன்' என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு ஜொகூருக்குப் போய்விட்டார். 3,000 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தால் ஒரே வாரத்தில் விவாகரத்துச் சான்றிதழ் வாங்கித் தருவதாகத் தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் சகோதரி. மலேசியாவில் உங்கள் தலாக் செல்லுமா என்று சொல்ல ஷரியா நீதிமன்றத்தைத் தவிர வேறு யாருக்கும் அதிகாரம் இல்லை. உங்கள் கணவருக்கும் இல்லை, அந்தத் 'தெரிந்தவர்' சொல்லவே வேண்டாம்.

எழுத்தில் வந்த தலாக்கில் எண்ணம்தான் முக்கியம். உண்மையிலேயே பிரியும் எண்ணத்தோடு அனுப்பினாரா என்று நீதிபதி அவரிடமே கேட்பார். அதனால் செய்தியை அழிக்காதீர்கள். படம் எடுத்து வைத்தால் மட்டும் போதாது, அந்தப் போனையே பத்திரப்படுத்துங்கள்.

நீதிமன்றத்துக்கு வெளியே தலாக் சொன்னவர் ஏழு நாளுக்குள் அங்கே தெரிவிக்க வேண்டும். கோலாலம்பூர் அடங்கிய கூட்டரசுப் பிரதேசத்தின் சட்டத்தில், அனுமதியில்லாமல் சொன்னதற்கு 1,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அவர் போகாவிட்டால் நீங்களே போய் மனு கொடுங்கள். அதுவரை நீங்களாக இத்தாவை, அதாவது தலாக்குக்குப் பின் மறுமணம் செய்யாமல் காத்திருக்கும் காலத்தை எண்ணி, முடிந்துவிட்டது என்று மறுமணம் பேசிவிடாதீர்கள்.

ஒரு வாரத்தில் முடியாது. அவர் ஒரு தவணைக்கு வராவிட்டால் வழக்கு தள்ளிப்போகும், மறுபடியும் தள்ளிப்போகும். காத்திருப்பது எப்போதும் பெண்தான், எனக்கே சலித்துவிட்டது. எல்லா மதத்தினரும் சேர்த்து 2021-இல் 43,936 ஆக இருந்த விவாகரத்து 2022-இல் 62,890 ஆனது. இந்தக் கூட்டத்தை நம்பித்தான் இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள். அவர்கள் நீட்டும் தாளில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: முத்ஆ (தலாக் விட்ட கணவர் தரும் ஆறுதல் தொகை), இத்தாகால நஃபகா (ஜீவனாம்சம்), திருமணத்துக்குப் பின் சேர்த்த சொத்தில் பங்கு, எதுவும் வேண்டாம் என்று. மலாய் சரியாகப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு என்னிடம் அழுதவர்கள் உண்டு. வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால் அரசின் சட்ட உதவித் துறையான ஜபாத்தான் பந்துவான் குவாமானுக்குப் போங்கள். ஷரியா வழக்குகளையும் அங்கே பார்க்கிறார்கள்.

சரி, தலாக் செல்லாது என்றே தீர்ப்பு வந்தால்? அவர் தயவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நிக்காஹ் முடிந்ததும் அவர் வாசித்துக் கையெழுத்திட்ட தக்லிக் தாள் இருக்கும், இன்ன நிபந்தனையை மீறினால் தலாக் விழும் என்று அவரே கொடுத்த உறுதிமொழி அது. எல்லாரும் பிரேம் போட்டு மாட்டுவார்கள், ஒருவரும் படிப்பதில்லை. தொடர்ந்து நான்கு மாதம் விட்டுவிட்டுப் போனாலோ, செலவுக்குக் கொடுக்காவிட்டாலோ மனைவி புகார் செய்யலாம் என்பது வழக்கமான நிபந்தனை. வாசகம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். புகார் உண்மை என்று நீதிமன்றம் கண்டால் தலாக் விழும், அவர் இன்றைக்குச் சம்மதிக்க வேண்டியதே இல்லை. அவர் போய் மூன்று வாரம்தான் ஆகிறது, ஆனால் அதற்கு முன்பே செலவுக்கு நிறுத்தியிருந்தால் அந்தக் கணக்கு வேறு. வங்கிக் கணக்கில் அவர் கடைசியாகப் பணம் போட்ட தேதியைப் பாருங்கள். தாள் கிடைக்காவிட்டால், நிக்காஹ் பதிவான மத அலுவலகத்தில் நகல் கேளுங்கள்.