நாய்க்கு வாங்கிய மருந்து பூனைக்கு ஆகுமா? செல்லப்பிராணிகள் கேள்வி பதில்

தெள்ளுப்பூச்சி, உண்ணி பற்றி இம்முறை வந்த கடிதங்களிலிருந்து ஆறு கேள்விகளுக்கு நமது கால்நடை மருத்துவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஒரு நாட்டு நாயும் இரண்டு பூனைகளும் இருக்கின்றன. நாயின் கழுத்தில் விட வாங்கிய சொட்டு மருந்தில் பாதி மீதம் இருக்கிறது. பூனைகள் எடை குறைவானவை என்பதால் ஆளுக்கு இரண்டு சொட்டு மட்டும் விடலாமா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: வேண்டாம் அம்மா. ஒரு சொட்டுகூட விடாதீர்கள். முதலில் அந்த அட்டையில் மருந்தின் பெயரைப் பாருங்கள். நாய்களுக்கென விற்கப்படும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி மிகச் செறிவாகச் சேர்க்கப்பட்டிருக்கும். நாயின் கல்லீரல் அதைச் சிதைத்து வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலிலோ அதற்கு வேண்டிய நொதி மிகக் குறைவு. ஆகவே மருந்து உடலிலேயே தங்கி நரம்புகளை ஓயாமல் தூண்டிக்கொண்டிருக்கும். நமக்குச் சாதாரணமான பாரசிட்டமால் மாத்திரை பூனைக்கு விஷமாவதற்கும் இத்தகைய நொதிக் குறைபாடே முக்கியக் காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவில் என்னிடம் கொண்டுவரப்பட்ட சாம்பல் நிறப் பூனை ஒன்றை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். துண்டில் சுற்றி எடுத்து வந்திருந்தார்கள். காதுகள் இரண்டும் துடித்துக்கொண்டிருந்தன, முதுகுத் தோலில் அலை அலையாக நடுக்கம் ஓடியது, பிடரி மயிர் எண்ணெய்ப் பசையோடு கற்றையாக ஒட்டியிருந்தது. மதியம் நாய்க்கு விட்டது போக மீந்ததைத்தான் விட்டதாக அந்த வீட்டம்மா அழுதுகொண்டே சொன்னார். உடலைக் கழுவி, வலிப்பை அடக்கும் மருந்தை மீண்டும் மீண்டும் கொடுத்து, இரண்டு நாள் கண்காணிப்பில் வைத்திருந்த பிறகு அது பிழைத்தது. தாமதமாக வரும் பூனைகள் எல்லாமே பிழைப்பதில்லை.

யாராவது ஏற்கெனவே விட்டிருந்தால், பூனைக்கு நினைவும் நிதானமும் இருக்கும்போதே பாத்திரம் கழுவும் திரவ சோப்பையும் வெதுவெதுப்பான நீரையும் கொண்டு அந்த இடத்தை நன்றாகக் கழுவுங்கள். சுடுநீர் மருந்தைத் தோலுக்குள் வேகமாக இழுக்கும், குளிர்ந்த நீர் உடல் வெப்பத்தைக் குறைத்து நிலைமையை மோசமாக்கும். துடைத்து, துணியில் சுற்றி, நடுக்கம் தொடங்கும்வரை காத்திராமல் மருந்து அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். நடுக்கமோ வலிப்போ ஏற்கெனவே தொடங்கியிருந்தால் கழுவுவதில் நேரம் செலவிடாமல் நேராகக் கிளம்பிவிடுங்கள்.

உங்கள் வீட்டில் நாயும் பூனையும் சேர்ந்து படுத்தால், ஒன்றை ஒன்று நக்கினால், நாய்க்கே பெர்மெத்ரின் இல்லாத மருந்தைத் தேர்ந்தெடுப்பதுதான் நல்லது. பூனைகளுக்கென்றே ஃபிப்ரோனில், இமிடாகுளோப்ரிட், செலாமெக்டின் ஆகியவை கொண்ட சொட்டு மருந்துகள் இருக்கின்றன. ஆனால் ஃபிப்ரோனில் முயலுக்கு ஆபத்தானது. முயலும் வளர்ப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

கேள்வி: வேப்பெண்ணெய், பூண்டு, சீத்தாப்பழ விதைத் தூள் ஆகியவற்றைத்தான் எங்கள் வீட்டில் காலங்காலமாகப் பயன்படுத்துகிறோம். ரசாயனத்தை விட இயற்கை மருந்து பாதுகாப்பானதுதானே? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: அப்படிப் பொதுவாகச் சொல்லிவிட முடியாது ஐயா. மேலே சொன்ன பெர்மெத்ரினே, சாமந்தி இனத்துப் பூ ஒன்றில் இயற்கையாக இருக்கும் பைரித்ரினை முன்மாதிரியாகக் கொண்டு உருவாக்கப்பட்டதுதான். எந்தப் பொருள், எந்த விலங்குக்கு, எவ்வளவு என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நீங்கள் குறிப்பிட்டவற்றில் எனக்கு மிகவும் கவலை தருவது சீத்தாப்பழ விதைதான். பேனுக்கும் தெள்ளுக்கும் அது வேலை செய்யும் என்பது உண்மை. அதன் தூள் கண்ணில் பட்டால் கருவிழியின் மேல்தோல் உரிந்து கடுமையான புண் ஏற்படும் என்பதும் அதே அளவு உண்மை. தலைப்பேனுக்காக இதைத் தேய்த்துக்கொண்டு கண் வலியோடு வருபவர்களைக் கண் மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள். மனிதர் கண்ணை மூடிக்கொள்ளலாம், நாய் உடலை உதறிக்கொள்ளும், பூனை பாதத்தால் முகத்தைத் துடைத்துக்கொள்ளும். இதைத் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள்.

பூண்டு தின்ற நாயைத் தெள்ளு கடிக்காது என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. பூண்டும் வெங்காயமும் நாய், பூனைகளின் சிவப்பணுக்களைச் சிதைத்து இரத்தசோகையை உண்டாக்கும் என்பதற்கு ஆதாரம் உண்டு, பூனைக்கு மிகச் சிறிய அளவே போதும். வேப்பெண்ணெயில் உள்ள அசாடிராக்டின் பூச்சிகளின் வளர்ச்சியைத் தடுக்கும் என்றாலும், தடவிய எண்ணெயைப் பூனை நக்கி விழுங்கிவிடும் என்பதால் பூனைக்கு அதைப் பயன்படுத்தச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. வேப்பிலையைக் கொதிக்கவைத்து ஆறவைத்த நீரில் நாயைக் குளிப்பாட்டுவதில் தவறில்லை, அரிப்புக்குக் கொஞ்சம் இதமாக இருக்கும். அதைக் கொண்டே தெள்ளு ஒழிந்துவிடும் என்று நம்பி மற்றதை விட்டுவிடாதீர்கள்.

கடைகளில் சிறு குப்பிகளில் வரும் வாசனை எண்ணெய்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தேயிலை மர எண்ணெய் என்று விற்கப்படுவதை நீர்க்காமல் நாய், பூனைகளுக்குத் தடவியதால் ஏற்பட்ட நச்சுப் பாதிப்புகளை அமெரிக்காவில் தொகுத்தபோது, 2002 முதல் 2012 வரையிலான காலத்தில் மட்டும் 443 விலங்குகள் கணக்கில் வந்தன. சோர்வு, தள்ளாட்டம், நடுக்கம், உமிழ்நீர் வடிதல் ஆகியவை காணப்பட்டன. அவற்றைப் பயன்படுத்தியவர்களில் பெரும்பாலோர் நன்மை செய்வதாக நினைத்துத்தான் பயன்படுத்தினார்கள். மண்ணெண்ணெய், கற்பூரத் தைலம், அந்துருண்டைப் பொடி ஆகிய மூன்றும் எந்த விலங்குக்கும் கூடாது.

கேள்வி: மாதந்தோறும் தவறாமல் சொட்டு மருந்து விட்டும் எங்கள் நாய்க்குத் தெள்ளுப்பூச்சி திரும்பத் திரும்ப வருகிறது. மருந்து போலியானதா? (வாசகி, சென்னை)

பதில்: போலியாக இருக்கலாம், ஆனால் அதற்கு முன் வீட்டைப் பார்க்க வேண்டும். நாயின் மேல் நீங்கள் காணும் தெள்ளுகள் மொத்தத்தில் சிறு பங்குதான். ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40 முட்டைகள் வரை இடும். அந்த முட்டைகள் மயிரில் ஒட்டாமல், நாய் படுக்கும் சாக்கிலும் சோபாவின் மடிப்பிலும் கட்டிலுக்கடியிலும் உதிர்ந்துவிடும். அவற்றிலிருந்து வரும் புழுக்கள் வெளிச்சத்தை விட்டு விலகி, தரையிடுக்கில் புகுந்து வளர்ந்து கூடு கட்டிக்கொள்ளும். கூட்டுக்குள் இருப்பதை எந்த மருந்தும் எளிதில் எட்டாது. மாதக்கணக்கில் அப்படியே காத்திருந்து, காலடி அதிர்வும் உடல் வெப்பமும் மூச்சுக்காற்றும் தெரிந்தவுடன் வெளியே குதிக்கும். ஊருக்குப் போய்விட்டுப் பூட்டிய வீட்டைத் திறந்து நுழையும்போது கணுக்காலில் சுரீரென்று கடி விழுவது இதனால்தான்.

நாய்க்கு உண்மையில் தெள்ளுதானா என்பதை இப்படிச் சோதியுங்கள். பேன் சீப்பால் வாலடிப் பகுதியை வாரி, வரும் கருந்துகள்களை நனைத்த வெள்ளைக் காகிதத்தில் தட்டுங்கள். அழுக்கென்றால் கறுப்பாகவே கிடக்கும். தெள்ளின் எச்சம் என்றால் ஒரு நிமிடத்தில் ஓரமெல்லாம் செம்பழுப்பாகக் கசியும், ஏனெனில் அது செரித்த இரத்தம்.

இனி மருந்தோடு சேர்த்து இதையும் செய்யுங்கள். நாயின் படுக்கைத் துணியை வாரம் ஒருமுறை கொதிநீரில் ஊறவைத்துத் துவைத்து, உச்சி வெயிலில் உலர்த்துங்கள். நம் ஊர் வெயில் இதற்கு அருமையான மருந்து, ஈரப்பதம் குறைந்தால் புழுக்கள் காய்ந்து மடிந்துவிடும். கட்டிலையும் சோபாவையும் நகர்த்தித் தினமும் பெருக்கி, குப்பையை அன்றைக்கே வெளியேற்றுங்கள். வீட்டில் உள்ள எல்லா நாய், பூனைகளுக்கும் அவற்றுக்குரிய மருந்தை ஒரே சமயத்தில் கொடுங்கள். குறைந்தது மூன்று மாதம் விடாமல் செய்தால்தான் கூடுகள் தீரும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டிய கையோடு மருந்து விடுபவர்கள் பலர். ஃபிப்ரோனில் போன்ற மருந்து தோலின் எண்ணெய்ப் பசையில் கலந்து பரவுவதால், மருந்துக்கு இரண்டு நாள் முன்னும் இரண்டு நாள் பின்னும் குளிப்பாட்டக் கூடாது. மயிரை விலக்கி, தோலின் மேல் படும்படி விட வேண்டும். இரவில் விட்டு, காயும்வரை குழந்தைகள் நாயைக் கட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தெள்ளு, உண்ணிக்குக் கொடுக்கும் மெல்லும் மாத்திரையால் நாய்க்கு வலிப்பு வரும் என்கிறார்களே, உண்மையா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: ஓரளவு உண்மை. இம்மாத்திரைகளில் உள்ள அஃபோக்சோலானர், ஃப்ளூரலானர் முதலிய மருந்துகளால் சில நாய்களுக்கு நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு ஏற்படலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018 செப்டம்பரில் எச்சரித்தது. ஆனால் மருந்தைத் தடைசெய்யவில்லை. பெரும்பாலான நாய்களுக்கு இவை பாதுகாப்பானவை என்றே கூறியது. என் அனுபவமும் அதுதான். உங்கள் நாய்க்கு முன்பு ஒருமுறையாவது வலிப்பு வந்திருந்தால் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், வேறு மருந்து எழுதித் தருவார்.

கேள்வி: மாட்டு உண்ணிக்கு வாங்கிய மருந்தைத் தண்ணீரில் கலந்து நாயைக் கழுவலாமா? (வாசகர், நாமக்கல்)

பதில்: கண்ணளவில் கலந்து கழுவுவதால் விஷமாகிப்போன நாய்களைப் பார்த்திருக்கிறேன். மாட்டு உண்ணி மருந்துகளில் வரும் டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் ஆகியவை பெர்மெத்ரின் குடும்பத்தைச் சேர்ந்தவை, வீட்டுப் பூனைக்கும் அவை ஆபத்து. அப்படி வரும் இன்னொரு மருந்தான அமிட்ராஸ் உண்ணியைக் கொல்லும், தெள்ளுக்கு அதை நம்ப முடியாது. அது நாயின் இரத்தச் சர்க்கரையை உயர்த்தும் என்பதால் சர்க்கரை நோயுள்ள நாய்க்கு ஆகாது, கழுவுபவரும் கையுறை இல்லாமல் அதைத் தொடக் கூடாது.

கேள்வி: தாய் இல்லாத மூன்று வாரப் பூனைக்குட்டி ஒன்றை எடுத்து வளர்க்கிறேன். உடம்பெல்லாம் தெள்ளு. என்ன மருந்து விடலாம்? (வாசகி, மதுரை)

பதில்: இந்த வயதில் எந்தச் சொட்டு மருந்தும் வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை எட்டு வாரத்துக்குப் பிறகுதான். அதே சமயம் தெள்ளை அப்படியே விட்டுவிடவும் முடியாது. இவ்வளவு சிறிய உடலில் தெள்ளுகள் குடிக்கும் இரத்தமே குட்டியைக் கொன்றுவிடும். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள், வெளிறியிருந்தால் இன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

ஈறு ரோஜா நிறமாக இருந்தால், வெதுவெதுப்பான நீரில் ஒரு துளி சோப்பு கலந்து கழுத்துவரை மட்டும் நனைத்துக் கழுவுங்கள். தெள்ளு முகத்துக்கு ஏறிவிடும் என்பதால் கழுத்தைச் சுற்றி முதலில் நுரை தடவிவிடுங்கள். உடனே துடைத்து, நன்றாக உலர்த்தி, துணியில் சுற்றிய வெந்நீர் பாட்டிலின் பக்கத்தில் படுக்கவையுங்கள். பிறகு காலையும் மாலையும் பேன் சீப்பால் வாருங்கள். சிக்கும் தெள்ளை நசுக்காமல் சோப்பு நீர்க் கிண்ணத்தில் முக்குங்கள். படுக்கைத் துணியைத் தினமும் மாற்றுங்கள். தெள்ளை விழுங்கும் குட்டிக்கு நாடாப்புழு வரும். மலத்தில் வெள்ளரி விதை போன்ற துண்டுகள் தெரிந்தால் எடையைக் குறித்துக்கொண்டு குடற்புழு மருந்துக்கு மருத்துவரிடம் வாருங்கள்.