எதிர்ப்பண்பாட்டு இசையும் நட்சத்திரங்களின் அரசியலும்: கேள்வி பதில்

அமெரிக்காவில் 1960களில் எழுந்த எதிர்ப்பு இசையைப் பற்றியும், பிரபல இசைக்கலைஞர்கள் தேர்தல் மேடைகளுக்குச் சென்றதைப் பற்றியும் உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் அளிக்கிறேன். ஒரே பொருளைத் தொட்ட கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, அரசியல் பேசும் பாடல்கள் அனைத்துமே எதிர்ப்பண்பாட்டு இசையில் சேருமா?

சேரா. அரசியல் பாடலின் வரலாறு மிக நீண்டது. தொழிற்சங்கக் கூட்டங்களில் பாடி வளர்ந்த பீட் சீகர், தம் அரசியல் தொடர்புகளைப் பற்றிச் சொல்லும்படி 1955இல் நாடாளுமன்ற விசாரணைக் குழு கேட்டபோது பதில் சொல்ல மறுத்தார். அதற்காக 1961இல் அவருக்கு ஓராண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது; அடுத்த ஆண்டு மேல்முறையீட்டில் அது ரத்தானாலும், தொலைக்காட்சி அவரைப் பல ஆண்டுகள் ஒதுக்கியே வைத்திருந்தது. 1960களின் நடுவில் உருவான எதிர்ப்பண்பாடு இதிலிருந்து சற்று வேறுபட்டது. சான் பிரான்சிஸ்கோ போன்ற நகரங்களில் இலவசக் கச்சேரிகள், சொந்தப் பத்திரிகைகள், சொந்த வானொலி, கூட்டு வாழ்க்கை என்று பிரதான சமூகத்துக்கு வெளியே ஒரு தளம் அமைந்தது. இசை அந்தத் தளத்தின் குரலாக இருந்தது. ஆகவே ஒரு பாடலின் சொற்களை மட்டும் வைத்து இதை முடிவுசெய்ய இயலாது. அது எங்கே, யாருடைய பணத்தில், யாரை நம்பி ஒலித்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கேள்வி: வுட்ஸ்டாக் விழாதானே இதன் உச்சம்?

கூட்டத்தின் அளவில் உச்சம்தான். 1969 ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத்தின் பெத்தெல் என்னும் ஊரில் ஒரு பால்பண்ணை நிலத்தில் ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் கூடினார்கள். ஆனால் அதே மேடையில், சிறையிலிருந்த கவிஞர் ஜான் சின்க்ளேருக்காகப் பேச முயன்ற போராளி ஆபி ஹாஃப்மனை, த ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் மேடையை விட்டு விரட்டியதும் நடந்தது. இசையும் இயக்கமும் ஒன்றல்ல என்பது அப்போதே வெளிப்பட்டுவிட்டது. விழாவைப் படமாக்கி 1970இல் வெளியிட்ட வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் பெரும் லாபம் கண்டது. அதற்கும் முன்பே, 1968இல், எங்கள் இசையை அதிகாரத்தால் அடக்க முடியாது என்ற பொருளில் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் விளம்பரம் செய்தது. அந்த நிறுவனம் நாட்டின் மிகப் பெரிய ஒலிபரப்புக் குழுமங்களில் ஒன்றான சிபிஎஸ்ஸுக்குச் சொந்தமானது. இயக்கத்தின் பத்திரிகைகளே இத்தகைய விளம்பரப் பணத்தை நம்பி நடந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். 1969 டிசம்பரில் ஆல்டமான்ட் கச்சேரியில் நடந்த கொலையோடு எல்லாம் முடிந்தது என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு கொலையால் ஒரு பண்பாடு அழிவதில்லை.

கேள்வி: அப்படியானால் எதனால் தேய்ந்தது?

முதன்மையான காரணம், வியட்நாம் போருக்கு இளைஞர்களை அனுப்பிய கட்டாய ராணுவச் சேவை நின்றுபோனது என்றே கருதுகிறேன். 1970 மே 4 அன்று ஒஹையோ மாநிலத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் நடந்த போர் எதிர்ப்புப் போராட்டத்தின்போது தேசியக் காவல்படை நான்கு மாணவர்களைச் சுட்டுக் கொன்றது. நீல் யங் உடனே ஒரு பாடல் எழுதினார். அதே மாதத்தில் அது ஒலிப்பதிவாகி, அடுத்த மாதம் கடைகளுக்கு வந்துவிட்டது. அந்த வேகத்துக்குக் காரணம், கேட்பவர் ஒவ்வொருவருக்கும் அந்தச் செய்தி தம் சொந்த உயிரைப் பற்றியதாக இருந்ததே. கல்லூரி மாணவர், அவர் தம்பி, பக்கத்து வீட்டுப் பையன் எல்லோருமே ராணுவ அழைப்புக் கடிதத்தை எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள். 1973 ஜனவரியில் கட்டாய ஆள்சேர்ப்பு நிறுத்தப்பட்டதும், அந்த அச்சமும் அது தந்த ஒற்றுமையும் கலைந்தன.

இரண்டாவது காரணம் வானொலி. ஒரே நிறுவனம் தன் ஏஎம் நிகழ்ச்சிகளையே எஃப்எம்மிலும் முழுநேரம் ஒலிபரப்பக் கூடாது என்று அரசு விதித்த விதியால் 1960களின் பிற்பகுதியில் எஃப்எம் அலைவரிசைகளில் இடம் கிடைத்தது. 1967இல் சான் பிரான்சிஸ்கோவின் கேஎம்பிஎக்ஸ் நிலையத்தில் டாம் டொனஹ்யூ, வெற்றிப் பட்டியலைத் தூக்கி எறிந்துவிட்டு, அறிவிப்பாளரின் விருப்பப்படி நீண்ட பாடல்களை ஒலிபரப்பத் தொடங்கினார். சில ஆண்டுகளில் இதில் லாபம் இருப்பதை முதலாளிகள் கண்டுகொண்டார்கள். 1970களின் நடுப்பகுதிக்குள் எந்தப் பாடல் எப்போது ஒலிக்க வேண்டும் என்பதை ஆலோசகர்கள் வகுத்துக் கொடுக்கும் நிலை பரவிவிட்டது.

கேள்வி: பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனான் நடத்தியதும் விளம்பர அரசியல்தானே? படுக்கையில் உட்கார்ந்து அமைதி வேண்டும் என்றால் போர் நின்றுவிடுமா?

இந்தக் கேள்வி நியாயமானது. 1969இல் ஆம்ஸ்டர்டாமிலும் மான்ட்ரியாலிலும் அவரும் மனைவி யோகோ ஓனோவும் விடுதிப் படுக்கையிலிருந்து நிருபர்களைச் சந்தித்தபோது பத்திரிகைகளும் இதையேதான் கேட்டன. ஆனால் மான்ட்ரியால் அறையிலேயே ஒலிப்பதிவான ‘அமைதிக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள்’ என்ற எளிய பல்லவியை, அதே ஆண்டு நவம்பர் 15 அன்று வாஷிங்டனில் திரண்ட பெருங்கூட்டம், பீட் சீகர் முன்னின்று பாட, தானும் சேர்ந்து பாடியது. பாடகர் அங்கே இல்லை, பாடல் மக்களுடையதாகிவிட்டது. நட்சத்திர அரசியலுக்கும் இயக்க இசைக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சியை நான் அறியேன்.

மேலே குறிப்பிட்ட சின்க்ளேர், இரண்டு கஞ்சா சிகரெட்டுகளைக் கொடுத்ததற்காகப் பத்தாண்டு வரையிலான சிறைத்தண்டனை பெற்றவர். 1971 டிசம்பர் 10 அன்று மிச்சிகனின் ஆன் ஆர்பரில் அவருக்காக நடந்த நிகழ்ச்சியில் லெனான் பாடினார். மூன்று நாட்களில் சின்க்ளேர் விடுதலையானார். மிச்சிகன் சட்டமன்றம் தண்டனைகளைக் குறைத்ததும் அதற்குக் காரணம் என்பதால், பாட்டே சிறைக் கதவைத் திறந்தது என்று சொல்லமாட்டேன். இருப்பினும் நிக்சன் அரசு இதை அலட்சியமாக எடுத்துக்கொள்ளவில்லை. பதினெட்டு வயதினர் முதன்முறையாக வாக்களிக்கவிருந்த அதிபர் தேர்தல் நெருங்கிய 1972இல், இங்கிலாந்துக்காரரான லெனானை நாடு கடத்தும் வழக்கு தொடங்கியது. 1975இல்தான் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. லெனான் தம் அரசியலுக்கு விலை கொடுத்தார். ஆகவே அவரை வெறும் விளம்பரப் பிரியர் என்று தள்ளிவிட முடியாது.

கேள்வி: கட்சிகளுக்காகக் கச்சேரி செய்யும் வழக்கம் எப்போது வலுப்பெற்றது?

1972இல். ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஜார்ஜ் மெக்கவர்னுக்காக நடிகர் வாரன் பீட்டி பெரிய கச்சேரிகளை ஏற்பாடு செய்தார். பார்பரா ஸ்ட்ரைசாண்ட், கரோல் கிங், ஜேம்ஸ் டெய்லர் ஆகியோர் பாடினார்கள், பிரிந்திருந்த சைமனும் கார்ஃபங்கலும் ஒரு மேடையில் சேர்ந்தார்கள். மெக்கவர்ன் ஐம்பது மாநிலங்களில் நாற்பத்தொன்பதை இழந்தார்.

வழக்கம் அத்தோடு நின்றிருக்கலாம். அதை நிலைநிறுத்தியது 1974ஆம் ஆண்டின் தேர்தல் நிதிச் சட்டத் திருத்தம் என்பது அதிகம் பேசப்படாத செய்தி. ஒரு தேர்தலில் ஒரு வேட்பாளருக்குத் தனிநபர் 1,000 டாலருக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று அது வரையறுத்தது. அதிபர் வேட்பாளர் தேர்வுப் போட்டிகளில் ஒவ்வொருவர் தரும் நன்கொடையிலும் 250 டாலர் வரையிலான தொகைக்கு ஈடாக அரசும் நிதி தந்தது. ஆனால் ஒரு கலைஞர் ஊதியமின்றிப் பாடினால் அந்த உழைப்பு நன்கொடைக் கணக்கில் வராது. நுழைவுச்சீட்டு வாங்கும் ஒவ்வொரு ரசிகரும் சிறு நன்கொடையாளர் ஆகிவிடுவார். 1975 இறுதியில் ஆல்மன் பிரதர்ஸ் குழு ஜிம்மி கார்ட்டருக்காகப் பாடியது இந்த வழியில்தான். இதில் கலைஞர்களின் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. எனினும் அரங்கில் இருந்தவர் இப்போது போராட்டத் தோழர் அல்லர், நிதி தருபவர். பாடல் எதைப் பற்றியது என்பதும் முக்கியமற்றுப் போயிற்று. காதல் பாட்டுப் பாடினாலும் தொகை வந்து சேரும்.

கேள்வி: அறக்கொடைக் கச்சேரிகளையும் இப்படித்தான் பார்க்கிறீர்களா?

இல்லை. 1971 ஆகஸ்ட் 1 அன்று ஜார்ஜ் ஹாரிசனும் ரவிசங்கரும் நியூயார்க்கில் நடத்திய வங்கதேச நிதிக் கச்சேரி, உலகம் கவனிக்காத ஒரு துயரத்தைக் கவனிக்க வைத்தது. திரைப்படம், இசைத்தட்டு வருவாய் வரிச் சிக்கலில் ஆண்டுக்கணக்கில் முடங்கியது வருத்தமே. ஆனால் நிவாரணமும் எதிர்ப்பும் வேறு வேறு பணிகள்.

கேள்வி: 2003இல் டிக்ஸி சிக்ஸ் குழு எதிர்ப்புக்குரல் எழுப்பியதே? அது எதிர்ப்பண்பாடு இல்லையா?

துணிவு இருந்தது, தளம் இல்லை. ஈராக் போருக்குச் சில நாட்கள் முன், லண்டன் மேடையில் அக்குழுவின் பாடகி நடாலி மெயின்ஸ், அதிபர் ஜார்ஜ் புஷ் தங்கள் டெக்சாஸ் மாநிலத்தவர் என்பதற்கு வெட்கப்படுவதாகச் சொன்னார். கன்ட்ரி என்னும் அமெரிக்க நாட்டுப்புறச் சாயல் இசைப் பட்டியலின் உச்சியில் இருந்த குழுவின் பாடல்களை வானொலி நிலையங்கள் சட்டென்று நிறுத்தின. 1996ஆம் ஆண்டுச் சட்டம் வானொலி உரிமைக்கான உச்சவரம்பைத் தளர்த்தியதால், கிளியர் சேனல் என்னும் நிறுவனம் சுமார் 40 நிலையங்களிலிருந்து 1,200 வரை வளர்ந்திருந்த காலம் அது. வேறொரு குழுமம் தன் கன்ட்ரி நிலையங்கள் அனைத்திலும் அவர்களைத் தடை செய்ததைச் செனட் குழு ஒன்று விசாரித்தது. டொனஹ்யூ போன்ற ஓர் அறிவிப்பாளர் தம் பொறுப்பில் அந்தப் பாடலை ஒலிக்கவிட இடமே இல்லாதிருந்தது.

2024 செப்டம்பரில் டெய்லர் ஸ்விஃப்ட் கமலா ஹாரிஸுக்கு ஆதரவு தெரிவித்தபோது, அவர் பகிர்ந்த இணைப்பின் வழியாக ஒரே நாளில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்காளர் தகவல் தளத்துக்குச் சென்றார்கள். அது பயனுள்ள செயலே. ஆனால் அங்கே இசைக்கு வேலையே இல்லை. ஓர் அறிக்கை போதுமானதாக இருந்தது.

கேள்வி: இயக்க இசையை உணர்ந்துகொள்ள எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

1963 ஜூனில் கார்னெகி அரங்கில் பதிவான பீட் சீகரின் கச்சேரியிலிருந்து தொடங்குங்கள். அவையோர் சேர்ந்து பாடுவது அதில் நன்றாகக் கேட்கும். அடுத்து, 1962இல் ஜார்ஜியாவின் ஆல்பனி நகரப் போராட்டத்தில் உருவான ஃப்ரீடம் சிங்கர்ஸ் குழுவின் பதிவுகளைக் கேளுங்கள். அவர்கள் பாடகர்களாக இருந்து போராட்டத்துக்கு வந்தவர்கள் அல்லர். களப்பணியாளர்களாக இருந்து பாட வந்தவர்கள்.