இரவு சாராயம், விடிய வான் ஓட்டம்
இரவு 9 மணிக்கு அரைப் போத்தல் சாராயம், படுக்கேக்க தடிமனுக்கு ஒரு பிரிட்டன் (Piriton) குளிசை. விடிய 5 மணிக்குக் கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்கு வான் ஓடலாமோ எண்டு கேட்டிருந்தீங்கள். ஓடாதேங்கோ அண்ணை.

375 மில்லியில், 33.5 வீதப்படி, தனி மதுசாரம் 125 மில்லி. ஈரல் மணிக்குப் பத்து மில்லி அளவில்தான் எரிக்கும். அப்ப முழுக்க எரிஞ்சு முடியக் காலை ஒன்பதரை தாண்டும். தேசிக்காய், பிளேன்ரீ, குளிப்பு ஒண்டும் அதை முடுக்காது. வாய் மணம் குறையும், அவ்வளவுதான்.

சட்ட எல்லை 100 மில்லி இரத்தத்தில் 80 மில்லிகிராம். அதுக்குக் கீழேயும் கை பிந்தும். 60 கிலோமீற்றர் வேகத்தில் அரைச் செக்கன் பிந்திப் பிரேக் பிடிச்சால் வான் 8 மீற்றர் கூடப் போகும்; மாங்குளம் பக்கம் இருட்டுக்குள்ள மாடு நிண்டால், இடிபட அந்த 8 மீற்றரே போதும்.

பிரிட்டன் மயக்கம் மறுநாளும் நிற்கும், சாராயத்தோட இன்னும் கூடும். ஓட்டத்துக்கு வேற சாரதியைப் பிடியுங்கோ.