மாமா ஆசைக்கு ரெண்டு லட்சமா? மொதல்ல பையன என்சிசில விட்டுப் பாருங்க

அக்கா, நீங்க அனுப்புன மெசேஜ் முழுசா படிச்சேன். பையன் ப்ளஸ் டூ முடிக்கப் போறான், உங்க அண்ணன் ரிட்டயர்டு மிலிட்டரி சுபேதார், "என்னால ஆபீசர் ஆக முடியல, மருமகன ஆக்கிக் காட்றேன்"னு ஒத்தக் கால்ல நிக்கிறார், ஒரு வருஷம் ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கிற கோச்சிங்குக்கு ரெண்டு லட்சம் கேக்கறாங்க, நகைய அடகு வெக்கலாமா, எந்த அகாடமி நல்லதுன்னு கேட்டிருக்கீங்க. நான் எந்த அகாடமி பேரும் சொல்லப் போறதில்ல. நகைய பீரோவுலயே வைங்க.

ஏன்னா அந்த நீள மெசேஜ்ல அண்ணன் என்ன சொன்னார், பெரியப்பா என்ன சொன்னார், பக்கத்து வீட்டுப் பையன் எங்க சேந்தான், எல்லாம் இருக்கு. உங்க பையன் என்ன சொன்னான்னு ஒரு வரி இல்ல. போன்ல அவன்கிட்ட தனியா பேசுனப்ப "மாமா சொல்றாரு சார், பண்ணலாம்"னான். வேண்டாம்னும் சொல்லல, வேணும்னும் சொல்லல, பாவம் அவனுக்கே தெரியல. பதினேழு வயசுல தெரியாம இருக்கறது தப்பே கிடையாது. ஆனா தெரியாததுக்கு ரெண்டு லட்சம் கட்டக் கூடாது.

மிலிட்டரி ஒருத்தனுக்கு செட் ஆகுமாங்கறது தண்டால் எடுக்கறதுல தெரியாதுக்கா. உடம்ப ஆறு மாசத்துல தேத்திடலாம். லீவு நம்ம கையில இல்ல, தங்கச்சி கல்யாணத்துக்கு வர முடியாமப் போகலாம், ஒருத்தன் தப்புப் பண்ணா மொத்த ஸ்குவாடும் ஓடணும், ஏன் எதுக்குன்னு அந்த இடத்துலயே கேக்க முடியாது, அதே ஆளு நாளைக்கு ஆபீசர் ஆனா தன்ன விட பத்துப் பதினஞ்சு வயசு பெரியவங்களுக்கு ஆர்டர் போடணும், அவங்க உசுருக்கு பதில் சொல்லணும். இது புடிக்குமா புடிக்காதான்னு கோச்சிங் கிளாஸ் பெஞ்சுல உக்காந்து கண்டுபிடிக்க முடியாது.

ப்ளஸ் டூ முடிச்சதும் ஆபீசர் ட்ரெயினிங்குக்கு எடுக்கற என்டிஏ, நாலு வருஷ சிப்பாய் வேலயான அக்னிவீர் பத்தி நான் சொல்ல வேண்டியதில்ல, அதுக்குத்தான் ஊர் பூரா பேனர் இருக்கே. யாரும் கண்டுக்காத வழி ஒண்ணு இருக்கு. சாதாரண டிகிரியும், காலேஜ்லயே மிலிட்டரி மாதிரி பயிற்சி குடுக்கற என்சிசியும்.

பிகாம், பிஎஸ்சி, பிஇ, அவனுக்குப் புடிச்ச எதுலயாவது சேரட்டும், ஆனா அந்தக் காலேஜ்ல என்சிசி இருக்கான்னு அட்மிஷனுக்கு முன்னாடியே கேளுங்க. காலேஜ் தொறந்த கொஞ்ச நாள்லயே ஆள் எடுப்பாங்க, ஓட விடுவாங்க, சீட்டு கம்மி, அதனால லீவுலயே ஓடிப் பழகணும். முதல் வருஷமே சேந்துடணும், அப்பதான் ரெண்டாம் வருஷம் 'பி', மூணாம் வருஷம் 'சி' சர்ட்டிபிகேட்னு டிகிரியோடயே முடியும். யூனிபார்ம் அவங்களே தருவாங்க, பரேடுக்கு வந்தா டிபனோ அதுக்கான காசோ உண்டு. 75 சதவீதம் பரேடுக்கு வரலைன்னா அந்த சர்ட்டிபிகேட் பரீட்சை எழுத விட மாட்டாங்க, அதுல ஏமாத்த முடியாது.

இதுல முக்கியமானது பத்து நாள் கேம்ப். விடியறதுக்கு முன்னாடி விசில், ஹால்ல வரிசையா படுக்கை, தட்டத் தூக்கிட்டு லைன்ல நிக்கணும், வெயில்ல டிரில், பாயின்ட் 22 ரைபிள்ல சுட வெப்பாங்க, போன் கையில இருக்காது. நல்லா பண்றவங்கள ராணுவ யூனிட்டுக்கே அட்டாச்மென்ட் கேம்ப்னு அனுப்புவாங்க, சென்னை பரங்கிமலைல இருக்கற ஓடிஏ, அதாவது ஆபீசர் ட்ரெயினிங் அகாடமிக்கும் அனுப்பறது உண்டு. முதல் கேம்ப்ல எல்லாருக்கும் அழுகை வரும், அத வெச்சு முடிவு பண்ணாதீங்க. அடுத்த கேம்புக்கு அவனா பேர் குடுக்கறானான்னு பாருங்க.

குடுத்தான்னா இதுக்குப் பின்னாடி ஒரு கதவு இருக்கு. என்சிசி ஸ்பெஷல் என்ட்ரி, அதாவது என்சிசி பசங்க ராணுவ ஆபீசராகறதுக்கான தனி வழி. 'சி' சர்ட்டிபிகேட்ல குறைஞ்சது 'பி' கிரேடு, டிகிரில 50 சதவீத மார்க், 19லருந்து 25 வயசு, கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. எழுத்துத் தேர்வே கிடையாது, நேரா அஞ்சு நாள் எஸ்எஸ்பி, அதாவது ஆபீசருக்கு ஆள் எடுக்கற இன்டர்வியூ. (பொண்ணுங்களுக்கும் உண்டு, உங்க சின்னவளும் கேட்டுக்கட்டும்.) முதல் தடவ போறவங்களுக்கு ரயில் காசு கூட தர்றாங்க. அங்க 15 செகண்டுக்கு ஒரு வார்த்தன்னு அறுபது வார்த்தை காட்டி மனசுல தோணுறத எழுதச் சொல்வாங்க, குரூப்பா தடைய தாண்டச் சொல்வாங்க, மனப்பாடம் பண்ணிட்டு வந்தவன் இங்கதான் மாட்டுவான். செலக்ட் ஆனா ஓடிஏல 49 வாரம் ட்ரெயினிங், மாசம் 56,100 ரூபா ஸ்டைபண்ட். அங்க சேரும்போது 2.4 கிலோமீட்டர பத்தரை நிமிஷத்துல ஓடற அளவுக்கு இருக்கணும்.

கசப்பானதையும் கேட்டுக்கோங்க. இது ஷார்ட் சர்வீஸ், பத்து வருஷம், வேணும்னா இன்னும் நாலு. பர்மனென்ட் கமிஷன், அதாவது ரிட்டயர் ஆகற வரைக்கும் ஆபீசரா இருக்கற வாய்ப்பு, கிடைக்கலைன்னா முப்பத்தி சொச்சம் வயசுல வெளிய வந்து வேற வேல தேடணும், பென்ஷன் கிடையாது. புடிக்கலைன்னு ட்ரெயினிங்ல பாதில வந்தா செலவத் திருப்பிக் கட்டணும். ட்ரெயினிங்ல அடிபட்டு மெடிக்கலா வெளிய அனுப்பப்படற கேடட்டுகளோட நிலைமை ரொம்ப மோசம்னு 2025ல சுப்ரீம் கோர்ட்டே தானா முன்வந்து கேஸ் எடுத்துச்சு. உங்க அண்ணனுக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்கும், மருமகன்கிட்ட சொன்னாரான்னு கேளுங்க.

இப்பவே கலர் பார்வை, தட்டைப் பாதம் ரெண்டையும் டாக்டர்கிட்ட காட்டிடுங்க. அதுல அடி வாங்குனா எந்த கோச்சிங்கும் காப்பாத்தாது.

ரெண்டாவது வருஷம் "எனக்கு வேண்டாம்மா"ன்னு வந்து நின்னான்னா திட்டாதீங்க, உறவுக்காரங்கள திட்டவும் விடாதீங்க. கையில டிகிரி இருக்கும், கடன் இருக்காது. அதுக்குள்ள உங்க அண்ணன் கோச்சிங் சேக்கச் சொல்லி மறுபடி ஆரம்பிச்சார்னா என் நம்பரக் குடுங்க, நான் பேசிக்கறேன்.